அடி வரும்போது கண்ணை மூடாதிருத்தல்: குத்துச்சண்டைப் பயிற்சியில் அறிவையும் குணத்தையும் வளர்க்கும் முறை

திருவாரூர் கமலாலயக் குளத்தின் கரைகளை விடியற்காலையில் ஓடிச் சுற்றும் பிள்ளைகளில் சிலர் குத்துச்சண்டை பயில்பவர்கள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஊரார் பழைய நில அளவில் பெருமையோடு சொல்லும் அந்தக் குளத்தை நாள்தோறும் இரண்டு சுற்று ஓடிவந்தாலே காலும் மூச்சும் பழகிவிடும் என்பதால், எங்கள் பயிற்சி அங்கிருந்தே தொடங்குகிறது. பிள்ளையை முதல் நாள் அழைத்து வரும் பெற்றோர் கரையில் நின்றபடி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சண்டை கத்துக்கிட்டா முரடனா ஆயிட மாட்டானா சார்?”

அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் ஒதுக்கியதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மூட்டையைக் குத்துவதால் மட்டும் எவருக்கும் புத்தி கூர்மையாகிவிடாது, குணமும் வந்துவிடாது. இவ்விரண்டையும் பயிற்சியின் ஒவ்வொரு நாளிலும் திட்டமிட்டு ஊட்ட வேண்டும் என்பதும், அதற்கான தொடக்கம் கண்ணில் இருக்கிறது என்பதும் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு நின்று நான் கண்டறிந்தவை. தன்னை நோக்கி ஒரு குத்து வரும்போது கண்ணை மூடாமல் அதைப் பார்க்கப் பழகியவனுக்குத்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரம் கிடைத்தவனால்தான் கோபத்தையும் அடக்க முடிகிறது. புதிதாகப் பயில வருபவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், நம் ஊர்ப் பள்ளித் திடல்களில் சிலம்பமோ கபடியோ கற்பித்துக்கொண்டு குத்துச்சண்டையையும் சேர்த்துக் கற்பிக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி, நான் கடைப்பிடிக்கும் முறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்

முகத்தை நோக்கி எது வந்தாலும் இமை மூடிக்கொள்வது இயற்கை. அதைக் கோழைத்தனம் என்று சொல்லிப் பிள்ளையை வெட்கப்படுத்தக் கூடாது. முதல் இரண்டு வாரங்களுக்கு நான் யாரையும் அடிக்க விடுவதில்லை. பயில்பவர் இரண்டு கைகளையும் கன்னத்தருகே உயர்த்திக் கார்டு பிடித்து நிற்க, நான் ஒரு கையில் பேட் (குத்துகளை வாங்கும் தட்டையான மெத்தை) மாட்டிக்கொண்டு அவருடைய கைகளின் மீது மெல்லத் தட்டுவேன். தட்டும் அதே நொடியில், இடுப்பருகே இருக்கும் என் மற்றொரு கையில் சில விரல்களை நீட்டிக் காட்டுவேன். எத்தனை விரல் என்று அவர் உரக்கச் சொல்ல வேண்டும். கண்ணை மூடினாலும் முகத்தைத் திருப்பினாலும் எண்ணிக்கை தெரியாது. இரண்டு நிமிடம் செய்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடியும் இரண்டு நிமிடம் என்று மூன்று முறை செய்தால் போதும்.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், முதல் நாள் பத்துத் தட்டுகளில் மூன்றுக்கு மட்டுமே சரியான எண்ணைச் சொன்னாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவளுடைய தாடை மேலே எழும்பியது, மூச்சு நின்றது, தோள் காதுவரை ஏறியது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பத்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, “மாஸ்டர், நீங்க தட்டுறதுக்கு முன்னாடியே உங்க தோள் அசையுது” என்றாள். நான் இன்னும் கற்பித்திராத ஒன்றை அவள் தானாகவே பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் குத்துச்சண்டை தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

அவள் கண்டது உண்மை. கையுறை புறப்படுவதற்கு முன் தோள் அசையும், தோளுக்கு முன் இடுப்பும் குதிகாலும் அசையும். ஆகவே எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் எப்போதும் தாமதமாகவே அறிகிறான். பார்வையை எதிராளியின் கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேற்பகுதியில் நிறுத்தி, ஓரக்கண்ணால் கைகளையும் கால்களையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். பழக்கமான கண் முழு ஆளையும் ஒரே பார்வையில் படிக்கிறது.

இதற்கு அடுத்த நிலை, அடிக்காமல் இருக்கக் கற்பது. நான் இடக்கைப் பேடை உயர்த்தினால் ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) அடிக்க வேண்டும், இரண்டையும் உயர்த்தினால் ஜாப்பும் கிராஸும் (பின்கையால் விடும் நேர்க்குத்து) அடிக்க வேண்டும், வலக்கைப் பேடை மட்டும் உயர்த்தினால் அடிக்கவே கூடாது, ஓரடி பின்வாங்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில் நன்றாக அடிக்கத் தெரிந்தவர்களே அதிகம் தவறுகிறார்கள். புறப்பட்டுவிட்ட கையை நிறுத்துவதற்கு அடிப்பதைவிட அதிகமான மன உழைப்பு தேவைப்படுகிறது. ஒரு மாதத்துக்குப் பின் பேடுகளின் பொருளை மாற்றிவிடுங்கள்: நேற்றுவரை நிறுத்தச் சொன்ன பேடு இன்று அடிக்கச் சொல்லும். பழகிய விதியை மறந்து புதிய விதிக்கு விரைவாக மாறும் திறனைத்தான் கயிறு கட்டிய ஆட்ட மேடையான வளையத்துக்குள் எதிராளி ஒவ்வொரு நிமிடமும் நம்மிடம் கேட்கிறான்.

தாளத்தைக் கலைக்கக் கற்பது

வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று தலைமுறைகளாகக் குத்துச்சண்டை வளர்ந்த வழி உண்டு. காவிரிக்கரையில் நமக்கு அந்த வழி இல்லை. ஆனால் நமக்குச் சிலம்பம் உண்டு, தவில் உண்டு. சிலம்பக் காலடி பழகிய பிள்ளைக்குக் காலைக் குறுக்கே போடாமல் நகர்வதையும், எடையை இரு பாதங்களுக்கும் பகிர்ந்து நிற்பதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் கம்பு இல்லாததால் இடைவெளியை மட்டும் குறைத்துக்கொள்ளப் பழக்கினால் போதும்.

தவிலால் கிடைக்கும் பயன் இதைவிடப் பெரியது. கோயில் திருவிழாவில் விடிய விடியத் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு காதிலேயே இருக்கிறது. நான்கு குத்துகளின் வரிசையைத் ‘தகதிமி’ என்றும், மூன்று குத்துகளைத் ‘தகிட’ என்றும், ஐந்தைத் ‘தகதகிட’ என்றும் வாயால் சொல்லிக்கொண்டே அடிக்கச் சொல்கிறேன். முதலில் நாலும் நாலும், பிறகு நாலும் மூன்றும், பிறகு மூன்றும் ஐந்தும். கணக்கு தவறினால் கை குழம்பும், கை குழம்பினால் கார்டு இறங்கும். ஆகவே மனத்தில் எண்ணிக்கையும் உடலில் அசைவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. இந்த வரிசைகளை முதலில் உட்கார்ந்து கைதட்டிச் சொல்லிப் பழகுவது நல்லது. மழைநாளில் வீட்டுக் கூடத்திலேயே இதைச் செய்யலாம்.

ஒரே தாளத்தில் அடிப்பவனை இரண்டாம் ரவுண்டுக்குள் எதிராளி படித்துவிடுவான். எனவே தாளத்தைப் பிடித்த பிறகு அதைக் கலைக்கவும் கற்க வேண்டும். இசையில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், மூன்று வகை: தாளம் தொடங்கும் இடத்திலேயே பாட்டு தொடங்கினால் சமம், தாளத்துக்கு முன்பே தொடங்கினால் அதீதம், தாளம் தொடங்கிய பின் தொடங்கினால் அனாகதம். முன்காலை எடுத்து வைப்பதைத் தாளத் தட்டாகக் கொள்ளுங்கள். கால் தரையில் படும்போதே குத்தினால் சமம். கால் படுவதற்குச் சற்று முன்பே கை சென்றுவிட்டால் அதீதம். கால் பட்டு, எதிராளி கார்டை இறுக்கி, ஒன்றும் வரவில்லை என்று தளர்த்தும் அந்த அரை நொடிக்குப் பிறகு குத்தினால் அனாகதம். இம்மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தெரிந்தவனுக்கு வேகம் சற்றுக் குறைவாக இருந்தாலும் குத்து போய்ச் சேரும். நம் மண்ணின் இசையறிவு இந்த விளையாட்டுக்கு இவ்வளவு நேராகப் பயன்படுவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

மூச்சைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கபடியிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே மூச்சை நீட்டிப் பிடித்துப் பழகியவர்கள். இங்கே ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சிறு மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அடிப்பவனுக்கு இரண்டு நிமிடத்தில் கை கனக்கும், கை கனத்தால் யோசனையும் நின்றுவிடும்.

இடைவேளை ஒரு நிமிடம்

மூன்று நிமிட ரவுண்டும் ஒரு நிமிட இடைவேளையும் 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வருபவை. தொழில்முறை அல்லாத அமெச்சூர் போட்டிகளில் பெரியவர்கள் அப்படி மூன்று ரவுண்டு ஆடுகிறார்கள். அந்த இடைவேளையை வெறும் ஓய்வாகக் கழிப்பது பெரிய நட்டம் என்பது என் கருத்து. குத்துச்சண்டை வீரனின் அறிவு பழகுவது அந்த அறுபது நொடிகளில்தான். முதல் இருபது நொடி மூக்கால் மூச்சு வாங்கி ஒரு வாய் தண்ணீர் அருந்த வேண்டும். அடுத்த இருபது நொடியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எதிராளி திரும்பத் திரும்பச் செய்தது என்ன? கடைசி இருபது நொடியில் அதற்கு எதிராக ஒரே ஒரு முடிவை எடுக்க வேண்டும். இரண்டு முடிவுகள் எடுத்தால் இரண்டும் மறந்துபோகும்.

இதைக் கற்பிப்பது எளிதன்று. ஸ்பாரிங்கில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பயிற்சி ஆட்டத்தில், மூக்கில் ஓர் அடி வாங்கிய பையன் ஒருவன், அதற்குப் பிறகு கண்மண் தெரியாமல் கைகளை வீசத் தொடங்கினான். நான் ஆட்டத்தை நிறுத்தி, அவனை உட்காரவைத்து, அவன் எதிராளி என்ன செய்தான் என்று கேட்டேன். “அடிச்சுக்கிட்டே இருந்தான் மாஸ்டர்” என்பதைத் தவிர வேறு பதில் அவனிடம் இல்லை. கையுறையைக் கழற்றச் சொல்லி, அதே எதிராளி இன்னொருவரோடு ஆடிய ஒரு ரவுண்டைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கவைத்தேன். ரவுண்டு முடிந்ததும் அவனே வந்து, “ஒவ்வொரு தடவையும் ஜாப் அடிச்சிட்டு இடது கையைக் கீழே இறக்கித்தான் திரும்ப எடுக்குறான்” என்றான். முகத்திலிருந்த கோபம் போய் அங்கே ஆர்வம் வந்திருந்தது. தன்னை அடித்தவனைப் பகைவனாகப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு கணக்காகப் பார்க்கத் தொடங்கியதும் கோபத்துக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. அதன்பின் அனைவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தேன். ஸ்பாரிங் நடக்கும் நாள்தோறும் எதிராளி செய்தது ஒன்று, தான் தவறியது ஒன்று, நாளை மாற்றப்போவது ஒன்று என மூன்று வரிகள் எழுதினால் போதும்.

காத்திருப்பதன் வலிமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த ஆட்டத்தை எடுத்துச்சொல்வேன். முகமது அலிக்கு அப்போது 32 வயது, ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 25. தன்னைவிட இளையவனும் வலியவனுமான எதிராளியை அலி கயிற்றில் சாய்ந்து நின்று அடிக்கவிட்டு, கைகளால் தடுத்துக்கொண்டே அவன் களைப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் வீழ்ந்தார். நம் பிள்ளைகள் கயிற்றில் சாய்ந்து அடிவாங்க வேண்டும் என்பதற்காக இதை நான் சொல்வதில்லை. அத்தனை அடிகளுக்கு நடுவிலும் ஒருவருடைய மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குணம் வளரும் இடம்

குணத்தை உரையாற்றிக் கற்பிக்க முடியாது. அதற்கு ஸ்பாரிங் விதிகள் வேண்டும், அவற்றை ஒரு நாளும் தளர்த்தாத ஆசானும் வேண்டும். எங்கள் திடலில், எடையாலோ அனுபவத்தாலோ வலியவராக இருப்பவர்தான் ஆட்டத்தின் பொறுப்பாளர். எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே அவர் தம் பலத்தைச் செலுத்தலாம். எளியவரை அடித்து வீழ்த்தினால் அது வெற்றியாக எண்ணப்படுவதில்லை, அன்றைய ஆட்டம் அத்துடன் அவருக்கு முடிந்துவிடும். தன் பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மூன்று நிமிடம் ஆடுவதற்கு, முழு பலத்தோடு ஆடுவதைவிட நுட்பம் அதிகம் வேண்டும். தன்னடக்கம் ஓர் அறிவுரையாக இல்லாமல் கையின் பழக்கமாகவே ஆகிவிடுவது இந்த விதியால்தான்.

‘நிறுத்து’ என்ற சொல் காதில் விழுந்ததும் பாதியில் இருக்கும் குத்தும் நிற்க வேண்டும். திடலுக்கு வெளியே தெருவிலோ பள்ளியிலோ கை நீட்டியவர் ஒரு மாதம் கையுறை தொட முடியாது. ஆனாலும் நாள்தோறும் வந்து ஓட வேண்டும், மற்றவர்களுக்கு நேரம் குறித்துத் தர வேண்டும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கற்க வேண்டியதைக் கற்காமலே போய்விடுவார்.

தோல்வியைப் பற்றி என் வாழ்விலிருந்தே சொல்ல வேண்டும். என் முதல் போட்டியில் நடுவர்களின் முடிவு எனக்கு எதிராக அமைந்தது. நான்தான் வென்றேன் என்ற எண்ணத்தில் எதிராளியின் கையைக் குலுக்காமல் வளையத்தை விட்டு இறங்கிவிட்டேன். என் ஆசான் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பேருந்துக் கட்டணத்தைக் கையில் கொடுத்து, “மன்னார்குடிக்குப் போய் அந்தப் பையன் கையைக் குலுக்கிட்டு வா” என்றார். ஹரித்ராநதிக் கரையில் ஒரு வீட்டு வாசலில் நின்று நான் மன்னிப்புக் கேட்டபோது, அந்தப் பையன் என்னை உள்ளே அழைத்து மோர் கொடுத்தான். மூன்று ரவுண்டிலும் என் வலக்கை ஒவ்வொரு முறையும் எப்போது வரப்போகிறது என்று தனக்கு முன்பே தெரிந்திருந்ததாகவும் சொன்னான். நான் தோற்றதற்கான காரணத்தை அங்கே, அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன். ஐந்து நடுவர்கள் ஒவ்வொரு ரவுண்டையும் தனித்தனியே மதிப்பிட்டு, வென்றவருக்குப் பத்தும் மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பதும் வழங்கும் முறையில், சரியான இலக்கில் தெளிவாக விழுந்த குத்துகளே எண்ணப்படும் என்பதையும், நான் வீசியவற்றில் பெரும்பாலானவை அவன் கையுறையில் விழுந்தவை என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். இன்று என்னிடம் பயில்பவர்கள், தோற்ற ஆட்டத்துக்குப் பின் எதிராளியிடம் சென்று, ‘என்னிடம் என்ன கண்டீர்கள்?’ என்று கேட்டு நோட்டில் எழுதி வர வேண்டும்.

பயத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். ஆட்டத்துக்கு முன் பயமாக இருக்கிறதா என்று கேட்டு, வாய்விட்டுச் சொல்லவையுங்கள். சொன்ன பயம் பாதியாகக் குறைகிறது. கீழே விழுந்தவருக்கு நடுவர் கட்டாயமாக எட்டு வரை எண்ணுவார். துள்ளி எழுந்து வீரம் காட்டுவதைவிட, அந்த எட்டு எண்ணிக்கையையும் மூச்சைச் சீராக்கவும் நடுவரின் கண்ணைப் பார்க்கவும் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். இதைத் திடலிலேயே பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் நம் பகுதியில் இன்னும் உண்டு. நம் நாட்டுக் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் 2010-இல் தம் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்று, ஆறாவதை 2018-இல் வென்றார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய் அவர். அவரைப்போல் நம் நாட்டு வீராங்கனையான நிகத் ஜரீன் 2022-லும் 2023-லும் உலகப் பட்டம் வென்றார். இந்த இருவரின் பெயரையும் நான் சொன்ன பிறகு மகளை அனுப்பிவைத்த தாய்மார்கள் பலர்.

தலையைக் காப்பது

அறிவைக் கூர்மையாக்கும் என்று நம்பி அனுப்பும் பயிற்சி, மூளைக்குக் கேடாக முடியக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. தலையில் விழும் அடிகளால் மூளை குலுங்குகிறது, அது திரும்பத் திரும்ப நடந்தால் தீங்கு சேர்ந்துகொண்டே போகும். தலையில் மாட்டும் ஹெட் கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆகவே தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு முதல் ஆறு மாதம் உடலில் மட்டும் அடிக்கும் ஸ்பாரிங்கே போதும். அதன் பிறகும் தலையைத் தொடும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் மெதுவாக, கனமான 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறையோடும் பல் கவசத்தோடும் நடக்கட்டும். அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், மறதி, வெளிச்சம் கூசுதல் இவற்றில் எது தோன்றினாலும் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டவரைக் குறைந்தது 30 நாள் வளையத்துக்குள் விடாமல் இருப்பது போட்டி விதி. மருத்துவர் சரி என்று சொல்லாமல் அதற்குப் பிறகும் விடக் கூடாது. பிள்ளையை அடிவாங்கவைத்து உறுதியாக்குவேன் என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து அன்றைக்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எடைப் பிரிவுக்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடுபவருக்கும் இது பொருந்தும்.

தொடங்குவதற்கு

முதலில் உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து, முறையான பயிற்சியாளர் எங்கே இருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் தனியே பழகுபவர்கள் மூட்டையை மணலால் நிரப்ப வேண்டாம். மணல் அடியில் இறங்கிக் கல்லாக இறுகி மணிக்கட்டைக் கெடுத்துவிடும். பழைய துணிகளைக் கையளவு துண்டுகளாகக் கிழித்து, சாக்கில் அடுக்கடுக்காக அமுக்கித் திணித்து, புங்கை மரக்கிளையில் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திடல் சேறாகிவிடும். அந்த இரண்டு மாதங்களும் கூடத்தில் ஷேடோ பாக்ஸிங்குக்கு உரியவை. அப்போது வெறுங்காற்றைக் குத்தாமல், நோட்டில் எழுதிவைத்த ஓர் எதிராளியை மனக்கண்ணில் நிறுத்தி, அவருடைய பழக்கங்களுக்கு எதிராகவே ஆட வேண்டும்.

முதல் நாள் வரும்போது கையுறை வாங்கி வர வேண்டாம். அதை மூன்றாவது மாதம் வாங்கினால் போதும். நாலரை மீட்டர் நீளமுள்ள கைச்சுற்றுத் துணி ஒரு ஜோடி, தண்ணீர்ப் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பேனா இவை போதும். துணியைப் பெருவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல்களுக்கு இடையே ஒவ்வொன்று என்று சுற்றும் முறையை நாங்கள் சொல்லித்தருவோம். அவிழ்த்த துணியை வீட்டில் துவைத்து நிழலில் உலர்த்தி, பெருவிரல் மாட்டும் வளையம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வைப்பதை மட்டும், அம்மாவிடம் விடாமல் பிள்ளையே செய்யட்டும்.